புறநகரின் நடுநிலைப் பள்ளிகள்: ஒரு சீர்தூக்கல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'நடுநிலைப் பள்ளி' என்னும் தொடரில் அமைந்த 'நடுநிலை' இரு பொருள் தரும் சொல். இடைப்பட்ட நிலை என்பது ஒரு பொருள். தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் இடையே நிற்பதால் அப்பள்ளி நடுநிலைப் பள்ளி ஆயிற்று. ஒரு பக்கம் சாயாமை என்பது மற்றொரு பொருள். திருவள்ளுவர் இதற்கெனவே 'நடுவு நிலைமை' என ஓர் அதிகாரம் வகுத்து, சாயாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். பள்ளிக்குப் பெயரிட்டவர்கள் முதற்பொருளையே கருதினர் என்பது வெளிப்படை. ஆயினும் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முனைவோர்க்கு வேண்டுவது இரண்டாவது பொருளேயாகும். ஆண்டுதோறும் ஏப்ரல், மே திங்கள்களில் புறநகர்த் தெருக்களில் நடைபெறும் ஒப்பீட்டில் அந்நடுநிலை உண்டா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

பெயர்ப்பலகை கூறும் வரலாறு

எடுத்துக்காட்டாகத் தாம்பரத்தைக் கொள்ளலாம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1984இல் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் இவ்வாறு படிப்படியாகக் குடியிருப்புகளாயின. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து மாநகராட்சியாயின.

ஊரின் பெயரும் தகுதியும் மாறின. பள்ளியின் பெயர்ப்பலகையோ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்னும் பலகையைக் காண்போர், ஒரு காலத்தில் அவ்விடம் சிற்றூராக இருந்தது என்பதை அதைக்கொண்டே அறியலாம். அவற்றுடன் நகராட்சி தொடங்கிய பள்ளிகள் உண்டு. திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் உண்டு. அரசு உயர்நிலைப் பள்ளியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்க்கை உண்டு. எனவே ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு குழந்தையின் தாய்க்கு முன்னே மூன்று நான்கு வாயில்கள் திறந்திருக்கின்றன. அவற்றுக்கு அப்பால், கடன் பெற்றேனும் நுழையத் தூண்டும் மெட்ரிகுலேஷன் பள்ளியின் வாயிலும் உண்டு.

அத்தாய் பெரும்பாலும் தையல் தொழிற்கூடத்தில் பணிபுரிபவர். அல்லது நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர். அல்லது கட்டடப் பணிக்காக ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கணவருடன் வந்தவர். தம் பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று அவர் எண்ணும்போது, கல்லூரிப் பேராசிரியர்கள் ஆய்வுக்கட்டுரையில் செய்யும் அதே ஒப்பீட்டையே செய்கிறார். அவருக்குத் தரவுகள் கிடைப்பதில்லை என்பதே வேறுபாடு.

தேர்வு இல்லாத பள்ளியின் தராசு

உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடுவோர்க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு என்னும் ஓர் எண் கிடைத்துவிடுகிறது. நல்லதோ தீயதோ, அஃது ஓர் அளவுகோல். எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளிக்கு அத்தகைய எண் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தத் தமிழக அரசு 2019இல் முற்பட்டது. எதிர்ப்பு எழவே, 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தேர்வின் வாயிலாகக் கழித்துவிடலாகாது என்னும் வாதம் வென்றது நன்றேயாகும். ஆயினும் எண் இல்லாத இடத்தில் வேறு அடையாளங்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன.

முதல் அடையாளம் ஆங்கில வழி. அரசுப் பள்ளிகளிலும் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிவாகத் தொடங்கப்பெற்றன. பெயர்ப்பலகையில் ஆங்கில வழி என எழுதியிருந்தால் அப்பள்ளி உயர்ந்தது எனத் தெரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. உள்ளே கற்பிப்பவர் யார், அம்மொழியில் கற்பிக்கும் பயிற்சி அவருக்குக் கிடைத்ததா என்று கேட்பார் அரியர். இரண்டாம் அடையாளம் காலணியும் கழுத்துப்பட்டையும். மூன்றாவது வாயிலில் வந்து நிற்கும் வண்டி. நான்காவது, பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது: அப்பள்ளியில் யாருடைய பிள்ளைகள் படிக்கின்றனர் என்பது. சாதியும் வறுமையும் இவ்வினாவுக்குள் மறைந்து நிற்கின்றன. மறுகுடியமர்வுக் குடியிருப்பின் பிள்ளைகள் மிகுந்த பள்ளியை, அக்காரணம் ஒன்றுக்காகவே, அடுத்த தெருக்காரர் ஒதுக்குவது உண்டு.

சமச்சீர்க் கல்வி 2010-11இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் வந்தபின், மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மெட்ரிகுலேஷன் பள்ளியும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் பொதுப் பாடத்திட்டத்தையே கற்பிக்கின்றன. பாடம் பொது, பை வேறு. தராசோ பையை நிறுக்கிறது.

தவறான தராசு செய்யும் கேடு

தராசு தவறானால் பொருளின் எடை தவறாகத் தெரியும்; பொருள் குறைந்துவிடாது. இஃது அங்காடிக்குப் பொருந்தும், பள்ளிக்குப் பொருந்தாது. பள்ளியின் செய்தியில் தவறான தராசு பொருளையே குறைத்துவிடுகிறது. அது நிகழும் முறை அறியத்தக்கது.

தமிழகத்தில் ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாளின் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கப்பெறுகின்றன. 2009இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அறிவியல், கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் எனக் குறைந்தது மூவராயினும் வேண்டும். மாணவர் தொகை நூற்றைக் கடந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் உண்டு.

ஒரு பள்ளியைப் பற்றித் தெருவில் தாழ்வான பேச்சு எழுகிறது. இருபது பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்கின்றனர். ஆகஸ்ட் கணக்கில் எண்ணிக்கை குறைகிறது. உபரி எனக் கணக்கிடப்பட்ட ஆசிரியர் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறார். பாடங்கள் ஐந்து, எஞ்சிய ஆசிரியர் மூவர். ஆங்கிலம் பயின்றவர் தமிழையும் சேர்த்துக் கற்பிக்கிறார். அல்லது தமிழ் பயின்றவர் ஆங்கிலத்தைச் சுமக்கிறார். அடுத்த ஆண்டில் தெருவின் பேச்சு உண்மையாகிவிடுகிறது. பேச்சு முன்னே சென்றது. குறை பின்னே வந்தது. காரணமும் காரியமும் இடம் மாறிய இக்கதை, மூடப்பட்ட பள்ளிகள் பலவற்றின் கதையாகும். வெளியேற இயலாத பிள்ளைகளே இறுதிவரை அங்கே இருப்பர். ஒப்பீட்டின் விலையைக் கொடுப்பவர் அவர்கள்.

ஐந்து ஆண்டுகள் எழுத்தறிவித்து வளர்த்த பிள்ளை ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்குச் செல்கிறது; பின்னர் அப்பள்ளியின் விளம்பரத் தட்டியில் அதன் படம் ஏறுகிறது. நன்னூல் ஆசிரியராகத் தகாதவரைக் கூறுமிடத்து முடத்தெங்கு என ஓர் உவமை காட்டும். நீர் வார்த்தவர் ஒருவர், காய் பெறுபவர் வேறொருவர். ஆசிரியர்மீது யாதொரு குற்றமும் இல்லாமலே இன்றைய புறநகர்த் தொடக்க வகுப்புகள் முடத்தெங்காய் நிற்கின்றன.

பிற நாட்டார் கண்டவை

பள்ளிகளை ஒப்பிடும் கலையில் மேலைநாட்டார் பட்ட அனுபவம் இங்கே பயன்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1966இல் சமூகவியலர் ஜேம்சு கோல்மன் தலைமையில் வெளிவந்த பேராய்வு, மாணவர் மதிப்பெண்ணில் காணும் வேறுபாட்டைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே மிகுதியும் விளக்குகிறது எனக் கண்டது. பள்ளியின் சராசரி மதிப்பெண் பெரும்பாலும் அப்பிள்ளைகள் புறப்பட்டு வந்த வீடுகளின் மதிப்பெண் என்பது இதன் உட்கிடை.

அந்நாட்டுப் புறநகர்களில் இம்மதிப்பெண் வீட்டு விலையாகவே உருமாறுகிறது. பாசுடன் நகரின் புறநகர்களில், பள்ளி எல்லைக் கோட்டின் இருமருங்கும் உள்ள வீடுகளைப் பொருளியலர் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால், வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு மிகுதியாகக் கொடுக்கப் பெற்றோர் முன்வருகின்றனர் என 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பள்ளி நிதியில் ஒரு பங்கு அவ்வூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், செல்வர் கூடிய ஊரின் பள்ளி மேலும் செழிக்கிறது. தாம்பரத்தில் ஆகஸ்ட் எண்ணிக்கை செய்யும் வேலையை அங்கே வீட்டு விலை செய்கிறது.

அவ்வாறாயின் பள்ளிக்கென ஆற்றலே இல்லையா? இவ்வினாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு விடை கிடைத்தது. மைக்கேல் ரட்டரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் உள்நகரின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 'பதினையாயிரம் மணி நேரம்' எனப் பொருள்படும் தலைப்பில் 1979இல் நூல் வெளியிட்டனர். ஒரு பிள்ளை தன் பள்ளி வாழ்வில் வகுப்பறையில் கழிக்கும் காலமே அத்தலைப்பு. பிள்ளைகள் வரும்போதே கொணர்ந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபின்னும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருந்தது. கட்டடத்தின் பழமையோ பரப்போ அதற்குக் காரணமாகவில்லை. ஆசிரியர் வகுப்பு நேரத்தை எவ்வாறு பயன்படுத்துகிறார், பிள்ளைகளைப் பாராட்டுகிறார்களா, அவர்களிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்படுகின்றனவா என்பனவே வேறுபாட்டை விளைவித்தன. புதுச் சுண்ணம் பூசிய சுவரைக் கண்டு பள்ளியைத் தேர்பவர் எண்ணிப் பார்க்கத்தக்க முடிவு இது.

மண் போன்ற மாணாக்கர்

இதனை முன்னரே உணர்த்தும் குறிப்பு நன்னூலின் பொதுப்பாயிரத்தில் உண்டு. பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாகப் பகுத்தார். அன்னமும் பசுவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடை மாணாக்கர். இவற்றுள் மண் என்னும் உவமை ஆழமானது. உழவன் இட்ட உழைப்பின் அளவே மண் விளைவு தரும். அன்னம் போன்ற பிள்ளை எப்பள்ளியிலும் பாலைப் பிரித்து உண்ணும்; அதனைக்கொண்டு பள்ளியை அளத்தல் இயலாது. மண் போன்ற பிள்ளையைக்கொண்டே உழவனை அளக்கலாம். நடுநிலைப் பள்ளியின் இடை மாணாக்கர் எவ்வாறு விளைகின்றனர் என்பதே அப்பள்ளியின் எடை.

அதே பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் உவமையாக்குகிறது. பள்ளியை நிறுக்கப் புகுவோர், நிறைகோலாக நிற்க வேண்டியவர் முதலில் ஆசிரியரே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆறாம் வகுப்பும் பதினான்கு வயதும்

இத்தேர்வு சிறியதன்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைத் தமிழகம் 2020இல் அளித்தது. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் அவ்வாறே பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுவன. ஏழாம் வகுப்பில் இரண்டாண்டு மட்டும் தனியார் பள்ளிக்குச் சென்று, கட்டணம் கட்ட இயலாமல் திரும்பும் பிள்ளை, அறியாமலே இவ்வுரிமையை இழக்க நேரலாம். சேர்க்கை நாளில் இதனை எடுத்துக்கூறும் தலைமையாசிரியர் இருக்கும் பள்ளி, எவ்விளம்பரமும் இன்றியே ஒரு படி உயர்ந்தது.

உணவின் வரலாறும் இவ்வகுப்பின் நிலையைக் காட்டும். 1920இல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் மாநகராட்சி தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாயிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவரையும் எட்டியது. 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு எல்லை கட்டியது. ஒரே நடுநிலைப் பள்ளியின் ஒரே கூடத்தில் தம்பி காலையில் பொங்கல் உண்ண, ஆறாம் வகுப்புக்கு ஏறிய அக்காள் கதவோரம் நிற்கும் நிலை அவ்வெல்லையால் பிறந்தது. தலைமையாசிரியர் அந்த அக்காளைக் கண்டாரா, காணாதவராய்க் கடந்தாரா என்பதும் பள்ளிகளை வேறுபடுத்தும்.

இவை எல்லாவற்றினும் பெரிது எட்டாம் வகுப்பின் இறுதி நாள். கல்வி உரிமைச் சட்டம் காப்பது 6 முதல் 14 வயது வரை. 2016இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. அதற்கு மேல் 18 வரை இடர்மிகு தொழில்களையே தடுக்கிறது. நடுநிலைப் பள்ளியும் அதே வயதில் முடிந்துவிடுகிறது. மூன்று வேலிகளும் ஒரே இடத்தில் முடியும் அந்நாளில், பிள்ளை வேறொரு பள்ளியின் வாயிலைத் தானே தேடிச் செல்லல் வேண்டும். இருப்புப் பாதையையும் பெருஞ்சாலையையும் கடந்து செல்லும் தொலைவில் அப்பள்ளி இருந்தால், பெண் பிள்ளையின் படிப்பு பற்றி வீட்டில் மறுபேச்சு தொடங்குகிறது. ஆண் பிள்ளைக்குப் பட்டறையோ உணவகமோ அழைப்பு விடுக்கிறது.

நிறுக்கத் தக்கவை

எனவே நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிட விரும்புவோர் ஐந்து வினாக்களை எழுப்பலாம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தோருள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பு வரை நின்றனர்? எட்டு முடித்தோருள் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் உள்ளனர் என்பது அப்பள்ளிக்குத் தெரியுமா? ஆறாம் வகுப்பில் தடுமாறி வாசித்த பிள்ளை எட்டாம் வகுப்பில் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறதா? பூப்பெய்தும் வயதுப் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை உண்டா? இந்தியோ ஒடியாவோ பேசி வந்த பிள்ளை எவ்வரிசையில் அமர்ந்திருக்கிறது?

எட்டாம் வகுப்பில் எழுதப்பெறும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வையும் சிலர் அளவாகக் கொள்வர். 2008இல் தொடங்கிய அத்திட்டத்தில் தேறும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்காண்டு உதவித்தொகை உண்டு. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குச் செல்ல அது நல்ல துணை. எத்தனை பேர் தேறினர் என்பதோடு, வகுப்பில் எத்தனை பேரை எழுத வைத்தனர் என்பதையும் கேட்டால்தான் அவ்வளவு நேராகும். நால்வரை மட்டும் தேர்ந்து எழுதவைத்து நால்வரும் தேறினர் எனும் பள்ளியினும், நாற்பது பேரையும் எழுதவைத்து மூவர் தேறிய பள்ளி மண்ணை உழுத பள்ளியாகும்.

இவ்வினாக்களுக்கு விடை பெறப் பெற்றோர்க்கு உரிமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக, பாதியினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கையொப்பம் இடுவதற்கு மட்டும் அழைக்கப்பெறும் குழுவும் உண்டு; கழிப்பறைத் தாழ்ப்பாளுக்காக மூன்று கூட்டங்களில் தொடர்ந்து வாதிட்டுப் பெற்ற குழுவும் உண்டு. பின்னைய குழு அமைந்த பள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு தேரலாம்.

ஒப்பிடுதல் ஓடிப்போவதற்குக் கருவியானால், ஓட இயலாதோர் தண்டனை பெறுவர். அதுவே திருத்துதற்குக் கருவியானால், எளிய பள்ளியும் எழுந்து நிற்கும். கோத்தாரி கல்விக்குழு 1966இல் முன்வைத்த பொதுப்பள்ளி, அண்மைப்பள்ளி என்னும் கொள்கையின் உயிர்நிலையும் இதுவே. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளியில் அமரும்போது, குறை கேட்கும் குரல் அப்பள்ளியை விட்டு வெளியேறாது.

பத்தாண்டுகளாக நூல்களைச் சீர்தூக்கிப் பழகிய இலக்கிய வட்டத்தினர்க்கு இப்பணி புதிதன்று. ஒரு நூலை அதன் அட்டையைக்கொண்டு மதிப்பிடலாகாது என்பதை அறிந்தோர் இவ்வவையினர். உறுப்பினர் இருவர் இருவராகத் திங்களுக்கு ஒரு நாள், தலைமையாசிரியரின் இசைவோடு, அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்கலாம். அதே பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்ததா என்பதை அவ்வாண்டின் சூன் திங்களில் வீடு தேடிச் சென்று வினவலாம். வாசிப்போர் எவ்வளவு தடுமாறினும், கேட்பதற்கு ஒருவர் வந்து அமர்ந்தார் என்பதை அவ்வகுப்பு மறவாது.